ஓடாமல் நின்ற திரை

கட்டுப்பாட்டு அறையின் கறுப்புத் திரை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலை. நான் நிர்வாக அதிகாரி. உலையின் சூடு, லாரிகளின் எடை எல்லாம் அந்தத் திரையில் வரிவரியாக ஓடும். அதே ஓட்டத்தை, ஒரே டெர்மினலைப் பல இடங்களில் விரிக்கும் மென்பொருள் ஒன்று வாசலில் உள்ள எடை அறையிலும் காட்டியது. தனித்தனியாகப் பிரித்துவைக்க மேலிடம் சம்மதிக்கவில்லை. சிக்கனம் எங்கள் ஆலையின் குலதெய்வம்.

அதைப் பராமரித்தவர் பழவேற்காட்டுக்காரர். சிஸ்டம் மேடம் என்போம். முதலில் அந்தத் திரையில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் கிறுக்கெழுத்துதான் விழும். எடை அறையினர் நச்சரிக்கவே, மவுஸ் வேலைசெய்யும்படி மாற்றிக்கொடுத்தார். காலையில் போன லாரியை அவர்கள் உருட்டியே தேடிக்கொண்டார்கள்.

ஒரு பகலில் குளிர்விக்கும் நீர் சூடேறிக் குழாய் வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. திரையில் எச்சரிக்கை வந்தும் ஆபரேட்டர் கவனிக்கவில்லை என்றார்கள். கடம்பத்தூரிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மாதம் பணி நிரந்தரமாக வேண்டியவர். மெமோ வாங்கினால் அது போயிற்று. மெமோ எழுதுவதில் எனக்கு நிகரில்லை; எழுதியும் வைத்திருந்தேன்.

"பாத்துக்கினேதான் சார் இருந்தேன். ஒண்ணுமே வரல. தூங்கினேன்னு எழுதாதீங்க."

"கண்ணைத் தொறந்துக்கினே தூங்குவான் சார் இவன்" என்றார் ஷிப்ட் பொறுப்பாளர்.

சிஸ்டம் மேடம் எடை அறைக்குப் போன் போட்டார். "அண்ணே, சக்கரத்தக் கொஞ்சம் மேல உருட்டுங்க." எங்கள் திரை அப்படியே நின்றது. மூலையில் மட்டும், எத்தனை வரி பின்னால் நிற்கிறது என்று காட்டும் ஒரு சின்ன மஞ்சள் எண். உலை எரிந்துகொண்டுதான் இருந்தது, வரிகள் வரவில்லை. பிறகு ஒரு விசையைத் தட்டினார். தேங்கியவை எல்லாம் மொத்தமாகக் கொட்டின.

"அங்க பழசப் பாத்தா இங்கயும் பழசுதான் நிக்கும் சார். மவுஸ ஆன் பண்ணது நான். மெமோவுல என் பேரப் போடுங்க."

கேட்டு வாங்கும் மெமோவுக்கு விதிமுறையில் இடமில்லை. இருந்தாலும் கொடுத்தோம். அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. இரண்டு அறைகளுக்கும் தனித்தனி ஓட்டத்தை அன்று மாலையே பிரித்துவிட்டார், பைசா செலவில்லாமல்.

நிரந்தர ஆணை வந்த அன்று ஆபரேட்டர் இனிப்புப் பெட்டியோடு அவர்முன் நின்றார். "எனக்காக உங்களுக்கு இன்னாத்துக்கு மேடம் இந்தப் பேஜாரு?"

அவர் நிமிரவே இல்லை. "ஸ்வீட்ட அங்க வெச்சிட்டு, போய் ஸ்கிரீனப் பாருப்பா."