மாடு குடித்த தண்ணீர்

சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் என் அக்காவுக்கு நாற்பது சென்ட் நிலம். மாமா இறந்த பிறகு அதில் போட்ட மல்லிகைதான் அவளுக்குச் சோறு போட்டது. அதை ஒட்டிய மானாவாரிக் காட்டை வாங்கி ஒருவர் தண்ணீர் கம்பெனி கட்டினார். ஆழத்தில் போர் இறக்கி, உப்புத் தண்ணீரை மிஷினில் சுத்தம் செய்து, கேனிலும் பாட்டிலிலும் அடைத்து நாகல் நகர் கடைகள் வரைக்கும் அனுப்புகிறார்கள். கேன் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு நிழலில் வேலை கிடைப்பது சாதாரணமா?

அடுத்த கோடையிலேயே அக்காவின் கிணறு தரை தட்டியது. மோட்டாரைப் போட்டால் செத்த நேரம் தண்ணீர் வரும், பிறகு வெறும் காற்று. கம்பெனி போர்தான் இழுக்கிறது என்று அக்கா சொன்னாள். சண்டைக்குப் போகப்போவதாகவும் சொன்னாள். அவள் சண்டை போட்டால் என் வேலை போய்விடும். அந்தப் பயத்தில்தான் நான் ஒரு யோசனை சொன்னேன்.

மிஷினிலிருந்து நல்ல தண்ணீர் ஒரு குழாயில் வரும். கேனுக்கு ஆகாதென்று மிஷின் ஒதுக்கும் தண்ணீர் இன்னொரு குழாயில் ஓடைக்குப் போகும். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். அதை அக்காவின் தோட்டத்துக்குத் திருப்பிவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவரே பைப்பும் கொடுத்தார்.

ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் புதுப் போர் போட்டால் தண்ணீரை முதலில் மாட்டுக்குத்தான் காட்டுவார்கள். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால் அந்தத் தண்ணீர் ஆகாது. அக்கா தன் பசுவை அவிழ்த்து வந்தாள். அது ஒரு வாளியைக் குடித்துவிட்டு விளிம்பையும் நக்கியது. இன்னொரு வாளி வைத்தோம். அதுவும் காலி.

“நீ ஏண்டி கெடந்து பதறுறே? பாரு, கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரி குடிக்குது” என்று அக்கா சிரித்தாள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது நாங்களே தொட்டியில் ஒரு கை கல்லுப்பு போடுவோம். உப்பென்றால் மாடு விடாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

முதலில் செடி தளதளவென்று வந்தது. நான்கூடக் கொஞ்ச நாள் நன்றாகத் தூங்கினேன். பிறகு இலை ஓரமெல்லாம் தீயில் வாட்டியது போலக் கருகியது. மொட்டு மிளகளவில் நின்று உதிர்ந்தது. வெயில் அதிகமென்று நினைத்து அக்கா இன்னும் இன்னும் தண்ணீர் பாய்ச்சினாள். ஒரு நாள் வேலை முடிந்து வரப்பில் வரும்போது பாத்தி மண்ணில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்தேன். உரமாக இருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு.

அதை நான் ஒன்பது நாள் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த ஒன்பது நாளும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

சொன்னதும் அக்கா ஓடிப்போய்ப் பைப்பைப் பிடுங்கிப் போட்டாள். அதற்குள் தண்ணீர் மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குள்ளும் போயிருந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. நல்ல மழை பல தடவை பெய்து மண்ணைக் கழுவினால்தான் உண்டு என்று உரக்கடைக்காரர் கையை விரித்தார். முதலாளியிடம் போனோம். அவர் சத்தம்கூடப் போடவில்லை.

“நானா கூப்புட்டேன்? ஒன் தங்கச்சிதானம்மா வந்து கேட்டுச்சு.”

அது உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் செடிகளைப் பிடுங்கினோம். பழைய தூர்கள், கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கையாலேயே வந்துவிட்டன. வேரில் தோல் அழுகி வழன்றது. பாதித் தோட்டம் முடிந்தபோது அக்கா நிமிராமலே கேட்டாள்.

“ஒனக்கு எத்தன நாளாத் தெரியும்?”

“ஒம்போது நாளு.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். கடைசித் தூரையும் பிடுங்கிக் குவித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“ஒங் கம்பெனில இன்னும் ஆள் எடுக்குறாகளா?”

இப்போது எனக்குப் பக்கத்துத் தொட்டியில் நின்று அக்கா கேன் கழுவுகிறாள். என்னைவிட வேகம். கேன் எடு, மூடி கொடு என்பதைத் தவிர என்னிடம் பேசுவதில்லை. குழாய் மறுபடியும் ஓடைக்கே போகிறது. ஓடையின் கீழே யார் யார் கிணறு இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். போய்ச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் இந்தத் தடவை இரண்டு பேருக்கும் வேலை போகும்.