கடல் ஒத்துக்கொள்ளாத அட்மிரல்

கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்து ஓய்வு பெற்றேன். கடைசிவரை எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கப்பல் துறைமுகத்தைத் தாண்டி முதல் அலையில் ஏறி இறங்கியதும் வாந்தி வந்துவிடும்.

எங்கள் ஊர் வரதராஜன்பேட்டை. முந்திரிக் கொல்லைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கடற்படை அகாடமியில் எனக்கு இடம் கிடைத்ததும், மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியாரைச் சொல்லவைத்து ஊருக்கே தெரியப்படுத்திவிட்டார்.

முதல் பயிற்சிப் பயணத்தில் நான் நின்றதைவிடப் படுத்துக் கிடந்ததுதான் அதிகம். விடுப்பில் வந்தபோது, வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னேன்.

“ஜெயங்கொண்டம் போற பஸ்சுலயே வாந்தி எடுப்பானே இவன். அத நேவிக்காரங்ககிட்ட சொன்னீங்களா?” என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

“அவங்க கேக்கல,” என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். “ஊரு பூரா சொல்லியாச்சுப்பா. கொஞ்ச நாளு போயிட்டு வா. அதுக்குள்ள மறந்துருவாங்க.”

ஊர் மறக்கவில்லை. நான் வேலையிலேயே தங்கிவிட்டேன்.

என் முதல் கேப்டன் பஞ்சாப்காரர். என் நிலைமையைச் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. “வாந்தி வந்தால் அது உங்கள் பிரச்சினை. வேலை வராவிட்டால்தான் என் பிரச்சினை,” என்றார். அதன்பின் ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை கற்றேன். வேலை வந்தது. பதவி உயர்வுகளும் வந்தன.

நானே ஒரு கப்பலுக்குக் கேப்டனான பிறகு, நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஒரு புயலில் மீன்பிடிப் படகு ஒன்று இன்ஜின் நின்று தத்தளிப்பதாகத் தகவல் கிடைத்தது. போனோம். காற்றடிக்கும் பக்கம் கப்பலைக் கொண்டுபோய்ச் சுவர்போல நிறுத்தி, படகுக்குக் காற்றும் அலையும் படாத ஒதுக்கு உண்டாக்கி, பிடித்து ஏறுவதற்கான கயிற்று வலையை இறக்கி ஆட்களை ஏற்ற வேண்டும். கொஞ்சம் பிசகினால் நம் கப்பலே படகை நசுக்கிவிடும். ஓர் உத்தரவு, ஒரு வாந்தி என்று மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிருந்தது. என் அதிகாரிகளுக்கு இது பழக்கம். வாளியிலிருந்து நான் தலையைத் தூக்கும்வரை காத்திருந்து அடுத்த உத்தரவைக் கேட்டுக்கொண்டார்கள். படகிலிருந்த நான்கு பேரும் உயிரோடு மேலே வந்து சேர்ந்தார்கள்.

அவர்களில் மூத்தவர், போர்த்திய கம்பளியோடு நான் நின்ற இடத்துக்கு வந்தார்.

“கேப்டன் எங்கங்க?”

“நான்தாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

“நல்லவேளை, படகுல இருந்தப்ப இது எங்களுக்குத் தெரியல,” என்றார்.

எனக்கு மறுபடி குமட்டியது. குனிந்தேன். அவர் வந்து, பிள்ளைக்குப் பிடிப்பதுபோல என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சொரசொரப்பாக, சில்லென்று இருந்தது. சுற்றி அதிகாரிகள் நின்றார்கள். கேப்டனுக்கு அது மரியாதையான நிலை அல்ல. ஆனாலும் கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ரியர் அட்மிரல் ஆனேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். யாரிடம் முதலில் சொல்வது என்று கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டேன்.

“அதுக்குக் கப்பல்ல போவணுமா?”

“பெரும்பாலும் ஆபீஸ்தாம்மா.”

“அத மொதல்லயே குடுத்துருக்கலாம்ல,” என்றாள்.

இப்போது அரியலூரில், சிமெண்ட் லாரிகள் போகும் சாலையில் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னை ‘மிலிட்டரிக்காரர்’ என்றே எல்லோருக்கும் அறிமுகப்படுத்துகிறார். ஒருமுறை, கடற்படை என்று திருத்தினேன்.

“அதான் சார், மிலிட்டரி,” என்றார். சரிதான் என்று விட்டுவிட்டேன்.