ட்ரம்பெட்காரரின் வலது கை

அம்பத்தூர் ஸ்டுடியோவில் என்னை ரசீது எழுதத்தான் வேலைக்கு எடுத்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ரசீது எழுதுவதோடு நின்றுவிடக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். முதலாளியின் டச்சிங் பிரஷ்ஷைக் கேட்டு வாங்கி, வீணாய்ப்போன பிரின்ட்டுகளில் பழகினேன். அம்மைத் தழும்பு, தேமல், மூடிய கண் எல்லாவற்றையும் சரிசெய்யக் கற்றேன். எட்டு மாதம் கழித்து முதலாளி என்னை டார்க் ரூமுக்குள் விட்டார்.

"பொம்பளப் புள்ளய உள்ள உட்டது நான் ஒருத்தன்தான். ஒரு கஸ்டமர் தப்புன்னு சொன்னாலும் நாளைக்கே கவுன்டருக்குப் போயிடணும். சரியா?" என்றார்.

"சரி சார்" என்றேன். தப்பு வராது என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. ஒரு திங்கட்கிழமை, நெமிலிச்சேரியிலிருந்து ஒரு பெரியவர் பழைய உறையோடு வந்தார். அதில் ஐந்து போட்டோக்கள் இருந்தன. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஆவடி ராணுவ முகாமில் எடுத்தவை. ஜாஸ் வாசித்த பேண்ட்காரர்கள். வாசிக்கக் கேட்டவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுச் சிப்பாய்கள். பெரியவர் அந்த பேண்டில் ட்ரம்பெட் வாசித்தவர். ஒரு படத்தை மட்டும் பன்னிரண்டுக்குப் பதினைந்து அளவில் பெரிதாக்க வேண்டும். சனிக்கிழமை அவருடைய மாதா கோயில் மண்டபத்தில் பழைய வாத்தியக்காரர்களின் படங்களை மாட்டுகிறார்களாம்.

"நான் வாசிச்சதையே அங்க பாதிப் பேரு நம்பல. இந்தப் படம் போனாதான் வாயடைப்பானுங்க. கிளியரா வரணும்மா" என்றார். பேசும்போதெல்லாம் வலது கையை பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார். வயசானவர்களுக்கு இருக்கும் ஒரு தோரணை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியச் சாப்பாட்டை மறந்து அந்த ஐந்து படங்களையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுக்க வருபவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். இவர்களோ கேமராவை மறந்திருந்தார்கள். ஒரு கறுப்பின சிப்பாய் கண்ணை மூடி சாக்ஸபோன் ஊதுகிறான். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. காலர் வியர்வையில் நனைந்து மடங்கிவிட்டது. டிரம்மின் பித்தளை விளிம்பில் விளக்கு வெளிச்சம் தெறிக்கிறது. பின்னால் சிகரெட் புகை படிப்படியாக மெலிந்து இருட்டில் கரைகிறது. அந்தச் சாம்பல் நிறத்தை அப்படிப் பிரின்ட் போட இன்றைக்கும் பலருக்கு வராது.

நம் ஊர்க்காரர்களும் அவர்களோடு வெள்ளைக் கோட்டும் போவ் டையும் போட்டு நிற்கிறார்கள். என் நிறம்தான் அவர்களுக்கும். யாருடைய முகத்தையும் பார்த்து அனுமதி கேட்கிற பார்வை அவர்களிடம் இல்லை. எங்கள் நைனாவும் ட்ரம்பெட் வாசிப்பவர்தான். ஃபேக்டரி வேலை போக, முகூர்த்த நாட்களில் பேண்ட் செட்டில். சரிகை கறுத்துப்போன சிவப்பு உடுப்பில், கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்காக ஓரமாய் நிற்கும் நைனாவைப் பார்த்திருக்கிறேன். பார்க்காதது போலவும் போயிருக்கிறேன்.

பெரிதாக்க வேண்டிய படத்தில் இளவயதுப் பெரியவர் தனியாக நின்று வாசித்தார். பூஞ்சை பிடித்த படம். நெற்றி மேல் ஒரு திட்டு, கோட்டில் இரண்டு. ட்ரம்பெட்டைத் தாங்கும் வலது கை விளக்கு வெளிச்சத்தில் வெளுத்திருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. அதையும் பூஞ்சை தின்றுவிட்டது என்று குறித்துக்கொண்டேன்.

படத்தைக் கேமராவில் காப்பி எடுத்து, அந்த நெகட்டிவிலிருந்து சின்னதாய் ஒரு பிரின்ட் போட்டு, அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நைனா கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.

"இன்னாமா இவுரு, பீச்சாங்கையால கட்டைய அமுக்குறாரு?"

"பீச்சாங்கைப் பழக்கமா இருக்கும் நைனா."

"எங்க செட்டுல ரெண்டு பீச்சாங்கைக்காரனுங்க கீறானுங்க. அவனுங்களே சோத்தாங்கையாலதான் அமுக்குறானுங்க. வாத்தியமே அப்டித்தான் செஞ்சிக்கீது. இவுரு எதுக்கு மாத்தி வாசிக்கிறாரு?"

"அது அந்தக் காலம் நைனா. உனக்குத் தெரியாது."

அவர் படத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

வியாழனும் வெள்ளியும் பெரிய பிரின்ட்டில் வேலை செய்தேன். நெற்றித் திட்டு போனது. கோட்டு சுத்தமானது. கடைசியாகக் கை. என் சொந்த வலது கையை விளக்கடியில் வளைத்து வைத்துப் பார்த்துப் பார்த்து, பிரஷ் நுனியால் இரண்டு விரல்கள் வரைந்தேன். கணுவில் சுருக்கம், நகத்தில் மினுப்பு. முதலாளி லென்ஸ் வைத்தும் வரைந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. "கில்லாடி" என்றார். அந்த வார்த்தையை வீடு வரைக்கும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

சனிக்கிழமை மதியம் மூன்றரைக்குப் பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. ஐந்தேகால் ரயிலைப் பிடிக்க வேண்டும், ஆறு மணிக்குப் படம் மாட்டுகிறார்கள் என்றார். ரசீதில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்தபோது நெற்றி வியர்த்திருந்தது. வலது கை பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையோடு வெளியே வந்தது.

கட்டை விரல். அப்புறம் வழவழப்பான இரண்டு மொட்டைகள். அப்புறம் மோதிர விரல், சுண்டு விரல்.

நைனாவின் கேள்வி அப்போதுதான் எனக்குள் இறங்கியது. முதலாளி அதற்குள் பிரின்ட்டைச் சுற்றியிருந்த நியூஸ் பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க பெரியவரே. கையில ரெண்டு வெரலு பூஞ்சையில போயிருந்திச்சி. நம்ம பொண்ணு அச்சு அசலா போட்டுக் குடுத்துடுச்சி."

பெரியவர் குனிந்து பார்த்தார். கைக்குட்டை அசையவில்லை.

"யாரு கை இது?" என்றார்.

முதலாளி சிரித்தார். பிறகு பெரியவரின் கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"பதினாலு வயசுல பட்டறை மெஷின்ல போன வெரலு. பேண்ட் மாஸ்டர் என்னைப் பொட்டி தூக்கத்தான் சேத்தான். மூணு வருசம் பீச்சாங்கையால பழகினேன். அந்தக் கை தெரியுற படம் ஒலகத்துலயே இது ஒண்ணுதான்" என்றவர், விரலால் பிரின்ட்டைத் தட்டினார். "இத மாட்டுனா என்ன சொல்லுவானுங்க? பாரு, இவன் இல்ல, வேற எவனோன்னு சொல்லுவானுங்க."

"பழைய படம் அப்டி இருந்திச்சி..." என்று முதலாளி ஆரம்பித்தார்.

"படம் சரியாத்தான் இருந்திச்சி. நான்தான் போட்டேன். உங்களக் கேக்காம போட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "நெகட்டிவ்ல கை வைக்கல. ஒரு மணி நேரம் குடுங்க."

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பது. பெஞ்சில் உட்கார்ந்தார்.

உள்ளே போய் பிரின்ட் பேப்பர் டப்பாவைத் திறந்தேன். அந்த அளவில் ஒரே ஒரு பேப்பர் பாக்கி. சோதித்துப் பார்க்கத் துண்டு வெட்ட முடியாது. முதலாளி கதவுக்கு வெளியே நின்று, "வீணாச்சுன்னா நீயே போய் அவரு மூஞ்சில முழி" என்றார்.

சிவப்பு விளக்கில் என்லார்ஜர் அடியில் பேப்பரை வைத்தேன். எத்தனை வினாடி என்று முந்தைய பிரின்ட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்தக் கணக்கில் கை மறுபடியும் வெள்ளையாகத்தான் வரும். வெள்ளையாக வந்தால் பூஞ்சை என்றுதான் எவரும் சொல்வார்கள், நான் சொன்னது போல. பேப்பரில் வெளிச்சம் விழ விழத்தான் கறுப்பு ஏறும்; அங்கே மட்டும் வெளிச்சம் அதிகம் விழ வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து நடுவில் ஓட்டை விட்டு, அந்த ஓட்டை வழியாக மட்டும் வெளிச்சத்தை அந்தக் கையின் மேல் விழவிட்டேன். எட்டு, ஒன்பது, பத்து. ஒரே இடத்தில் நிறுத்தினால் ஓட்டையின் விளிம்பு தெரியும் என்பதால் கைகளை அசைத்துக்கொண்டே இருந்தேன். பதினைந்தில் நிறுத்தினேன். அது குத்துமதிப்புதான்.

டெவலப்பரில் முதலில் கோட்டின் கறுப்பு வந்தது. பிறகு முகம், ட்ரம்பெட் வளைவு. கை இருக்க வேண்டிய இடம் காலியாகவே கிடந்தது. ட்ரேயை ஆட்டினேன். அப்புறம் மெல்லப் பித்தளையை ஒட்டி ஒரு சாம்பல் நிழல் வந்தது. தோல் இழுத்துத் தைத்த சுருக்கம். இரண்டு மொட்டைகள், ட்ரம்பெட்டை அழுத்திப் பிடித்தபடி. ஐம்பது வருஷம் அங்கேயே இருந்திருக்கின்றன.

படம் கறுத்துப்போகாமல் நிற்க ஹைப்போவில் போட்டு, கழுவ வேண்டிய நேரத்தில் பாதிதான் கழுவினேன். நாலு ஐம்பதுக்கு ஈரத்தோடு வெளியே கொண்டுவந்தேன். பெரியவர் எழுந்து தன் வலது கையைப் படத்தின் பக்கத்தில் நீட்டி ஒப்பிட்டார். நெற்றித் திட்டும் கோட்டுத் திட்டும் அப்படியே இருந்தன. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"காஞ்சா சுருங்குமா?"

"ஓரம் சுருங்கும். சரியா கழுவல. அடுத்த வாரம் கொண்டாங்க, கழுவித் தரேன்."

"இது என் கைதான்" என்றார். நன்றி சொல்லவில்லை. சொல்வார் என்று நானும் நிற்கவில்லை. படத்தைத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

முதலாளி ட்ரேக்களைக் காட்டினார். "கழுவி வெச்சிட்டுப் போ. திங்கக்கிழமையிலேந்து கவுன்டர்."

வீட்டில் நைனாவிடம் அந்தக் கையைப் பற்றிச் சொன்னேன். "அப்டியா" என்றவர், தன் இடது கையை எடுத்து, அங்கே இல்லாத ட்ரம்பெட்டின் மேல் மூன்று விரல்களை அமுக்கிப் பார்த்தார். "மூணு வருசமா சொன்னாரு? ஆவும்" என்றார்.

திங்கட்கிழமை ரசீதுப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். முதலில் வந்தது ஒரு பெண், இறந்துபோன கணவரின் படத்தோடு. பெரிதாக்கி மாட்ட வேண்டும். டச்சிங் வேணுமா என்று கேட்டு, ஆமாம் என்றால் டிக் போடுவது கடை வழக்கம். பேனாவை எடுத்தவள் கீழே வைத்துவிட்டேன்.

"இதுல எதத் தொடக் கூடாதுக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் படத்தைத் தன் பக்கம் திருப்பி, வெகுநேரம் பார்த்துவிட்டு, புருவத்துக்கு மேலிருந்த தழும்பின் மேல் விரலை வைத்தார்.