ஒப்படைக்கிறேன் என்று எழுதினேன்

கடினமான இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைக் கண்டால் போதும், அந்தக் காலத்தில் எனக்குத் தலைகால் புரியாது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டுக் கோவில்பதாகையில் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். வயது இருபது. அப்பாவும் அண்ணனும் ஏரித் தண்ணீரை நம்பி நெல் பயிரிட்டார்கள். படித்த பிள்ளையைச் சேற்றில் இறங்கச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. எனக்கு அந்தக் கூச்சம் மிகவும் சௌகரியமாக இருந்தது.

ஆவடியில் பட்டாளம் வந்து கொட்டகை கொட்டகையாகப் போட்டு, பெரிய கிடங்கு ஒன்றைத் திறந்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் கை கால் உள்ளவனெல்லாம் அங்கே வேலைக்குப் போனான். நானும் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். பேட்டிக்குக் கூப்பிடுவார்கள், துரை இங்கிலீஷில் கேட்பார், நான் சொல்லும் பதிலில் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். இதுதான் என் திட்டம்.

அதற்காக மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய இங்கிலீஷ்-தமிழ் அகராதி வாங்கினேன். தினம் இருபது வார்த்தை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நாலைந்து அர்த்தம் போட்டிருந்தது. நான் முதல் அர்த்தத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வேன். எல்லா அர்த்தத்தையும் படித்துக்கொண்டிருந்தால் இருபது எப்போது முடிவது? பெனவலன்ட் என்றால் தயாளமுள்ள. இம்ப்ளோர் என்றால் இறைஞ்சு. அப்ரிஹென்ட் என்றால் பிடி. கொல்லையில் கோழி ஓடியபோது அதை அப்ரிஹென்ட் செய்யும்படி அண்ணியிடம் சொன்னேன். "கோழிக்கு இன்னா ஆச்சு?" என்று அவள் பயந்துபோனாள். அதைக்கூட நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தையற்காரர் குடியிருந்தார். பூந்தமல்லிக்காரர், முஸ்லிம். முப்பத்தைந்து வயதிருக்கும். குமணன்சாவடியில் சொந்தத் தையல் கடை வைத்திருந்தவர். யுத்தத்தில் துணி கிடைக்காமல் போய், கடையை மூடி, மிஷினையும் விற்றுவிட்டு, கிடங்கில் கூடாரம் தைக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். தெருவில் என்னை மதித்துப் பேசிய ஒரே ஆள் அவர் என்றும் சொல்லலாம். மற்றவர்கள் 'இங்கிலீஷ்' என்றே என்னைக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள்.

ஒரு நாள் காலையில் பாய் வந்தார். முகம் கறுத்துக் கிடந்தது. மனைவிக்குப் பிரசவமாகி ஜன்னி கண்டுவிட்டது. பதினோரு நாள் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. இப்போதுதான் அந்த அம்மாள் கண் திறந்து கஞ்சி குடிக்கிறாள். கிடங்கில் சொல்லாமல் பத்து நாளுக்கு மேல் நின்றால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று பேச்சு.

"ரெண்டே வரி போதும் தம்பி. ஊட்ல சம்சாரத்துக்கு ஜன்னி, அதான் வர்ல, மன்னிச்சி சேத்துக்கோன்னு எழுதிக் குடு" என்றார். "என் பொழப்பே அந்தத் தொரை கைலதான் கீது."

இரண்டு வரியா? எனக்குக் கிட்டத்தட்டக் கோபம் வந்தது. ஒரு துரைக்குப் போகிற மனுவில் ஜன்னியும் கஞ்சியும் எழுதுவதா? ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம் எனக்குப் பிடித்துவிட்டது. பிழைப்பே துரை கையில் இருக்கிறது. அதை உயர்ந்த இங்கிலீஷில் ஏற்றிவிட்டால் கல்லும் கரையும் என்று நினைத்தேன். நோட்டைப் புரட்டினேன். ரிசைன் என்று ஒரு வார்த்தை. நேரே என் கையெழுத்தில் அர்த்தம்: ஒப்படை.

ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். பெனவலன்ட் வந்தது. இம்ப்ளோர் இரண்டு தரம் வந்தது. நடுவில், மனுவுக்கே உயிர் என்று நான் நினைத்த வரி வந்தது. ஐ ஹம்பிளி ரிசைன் மை எம்பிளாய்மென்ட் இன்டு யுவர் ஹானர்ஸ் ஹேண்ட்ஸ். என் வேலையைத் தங்கள் கையில் பணிவுடன் ஒப்படைக்கிறேன் என்று அதற்கு அர்த்தம் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. ஜன்னியைப் பற்றி எழுத இடமே இல்லாமல் போயிற்று. 'குடும்பத்தில் நேர்ந்த இன்னல்' என்பதோடு முடித்துக்கொண்டேன்.

படித்துக் காட்டினேன். பாய்க்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. கைநாட்டு வைக்கமாட்டார், தமிழில் கையெழுத்துப் போடுவார். நிதானமாகப் போட்டுவிட்டு, காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

நாலாம் நாள் பதில் வந்தது. அதையும் என்னிடமே கொண்டுவந்தார். மூன்று வரி, கீழே பெரிய குமாஸ்தாவின் கையெழுத்து. தங்கள் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது, இன்ன தேதி முதல் பெயர் நீக்கப்பட்டது, அடையாளத் தகட்டைத் திருப்பித் தரவும். எனக்கு முதலில் விளங்கவில்லை. யார் ராஜினாமா செய்தது? பிறகு அந்த ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. என்னுடைய வார்த்தை. உள்ளே போய் அகராதியை எடுத்துப் பார்த்தேன். முதல் அர்த்தம் ஒப்படை. இரண்டாவது, உத்தியோகத்தை விட்டுவிடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளிதான் இருந்தது.

வெளியே பாய் நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் அவரோடு கிடங்குக்கு ஓடி, தப்பு என்னுடையது, இவர் வேலையை விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் எனக்குப் பேட்டிக் கடிதம் வந்திருந்தது. அதே கிடங்கு, அதே பெரிய குமாஸ்தா. ரிசைனுக்கு அர்த்தம் தெரியாத பயல் என்று அவர் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆள் குறைக்கிறாங்களாம் பாய். உங்க பேரும் அதில் இருக்கு" என்றேன்.

அவர் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "சரி, அல்லா உட்ட வழி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நோட்டில் அன்றைய இருபது வார்த்தையை எழுதி முடித்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் பாய் திரும்ப வந்தார். தகட்டைக் கொடுக்கப் போனபோது வாசலிலிருந்த குமாஸ்தாவிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்.

"ஆள் கொறைப்பெல்லாம் இல்லயாமே தம்பி. நீதானேய்யா ரிசைன் பண்ணிட்டேன்றான். ரிசைன்னா இன்னா?"

அத்தனை நாளில் என்னிடம் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். எனக்கு இரண்டு அர்த்தமும் அப்போது தெரியும். நான் முதலாவதைச் சொன்னேன்.

"ஒப்படைக்கிறதுன்னு அர்த்தம் பாய். நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். பிழைப்பு உங்க கையில இருக்குன்னு."

அவர் முகம் தெளிந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்டீன்னா அவனுக்குத்தான் இங்கிலீஸ் தெர்ல" என்றார். "நீ நல்லாத்தான் எழுதிக்கீறே."

அந்த மாதமே குடும்பத்தோடு பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டார். எனக்கு வேலை கிடைத்தது. பேட்டியில் பெயர், ஊர் கேட்டார்கள். லாரி நம்பர்கள் நாலைந்தை வரிசையாக எழுதச் சொல்லி, கையெழுத்து புரிகிறதா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான். ஒரு கடினமான வார்த்தைகூட என் வாயிலிருந்து வெளியே வரச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. சேர்ந்த சில வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. காய்ச்சல், சாவு என்று இரண்டு வரி எழுதிக்கொண்டு வந்தவர்களையெல்லாம் பெரிய குமாஸ்தா திட்டிவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார். பதினைந்து நாள் நின்றவனைக்கூட.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு குமணன்சாவடிக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தப்பு என்னுடையது பாய், அந்தக் குமாஸ்தா சரியாகத்தான் படித்தான், நான் எடுத்துச் சொல்லி உங்களை மறுபடி சேர்க்கச் சொல்கிறேன். இவ்வளவுதான். அதில் ஒரு பெரிய வார்த்தையும் கிடையாது.

வேறொருவர் கடை ஓரத்தில் பாய் உட்கார்ந்து கையூசியால் கோணிப்பைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, உட்காரப் பலகையைத் துடைத்துப் போட்டார். கடையில் இருந்த நாலு பேரையும் பார்த்து, "நான் சொல்வேனே, அந்தத் தம்பிதான்" என்றார். "இவுரு எழுதின இங்கிலீஸு கெடங்குல ஒர்த்தனுக்கும் புரியல."

அவர்கள் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் ஒரு வயதான வண்டிக்காரரை முன்னால் தள்ளினார். அவருடைய மாட்டைப் பட்டாளத்து லாரி இடித்துவிட்டதாம். நஷ்டம் கேட்டு மனு எழுத வேண்டுமாம். கடைக்காரர் காகிதமும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது, எழுதி முடித்துவிட்டுப் பாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

லாரி என் மாட்டை இடித்தது. மாடு செத்துவிட்டது. எனக்கு வேறு மாடு இல்லை. இப்படிச் சின்னச் சின்ன வார்த்தையாகவே எழுதினேன். பாய் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் வார்த்தையின் நீளம் தெரிந்தது அவருக்கு.

"இன்னா தம்பி, எல்லாம் இத்துனூண்டு இத்துனூண்டா கீது" என்றார். "பாவம், ஏழை மன்சன். எனக்கு எழுதினா மாரி நல்லதா ரெண்டு வார்த்தை போடேன்."

நான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "போடறேன் பாய்" என்றேன்.