பட்டம்மாளின் வலது தோள்

காலையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பட்டம்மாள் அசையாமல் நிற்பாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் சின்னதுரை, கேமராவின் நீளக் குழாயை அவளுடைய வலது தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை இடுக்கியபடி கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எழுபதுகளின் நடுவில், நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸ் ஒன்றின் பின்பக்கத் தோட்டத்தில் அடிக்கடி நடந்த கூத்து இது. வேலிக்கு அந்தப் பக்கம் கஸ்தூரியம்மாள் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

“குருவியப் படம் புடிக்கப் பொண்டாட்டிய முட்டுக்குடுத்து நிக்க வெக்கிற ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தாண்ணே!”

சின்னதுரையைச் சொல்லிக் குற்றமில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்தில் ஏர் பிடித்த கை அது. மைன்ஸில் வேலை பெர்மனென்ட் ஆனதும், மண்ணை வாரி எறியும் ராட்சதச் சக்கர இயந்திரத்தின் பிடியைப் பிடித்தது. ஷிப்ட் முடிந்தால் இயந்திரம் நின்றுவிடும்; கை நிற்காது. டீ கிளாஸைக் கொடுத்தால் பாதி சட்டைக்குப் போகும். அந்தக் கையில் போய், ஊர் திரும்பிய ருஷ்யாக்கார இன்ஜினியர் ஒருவர் தன் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மிக் குழவி கனம். அன்றைக்கு மனுஷனுக்குப் பிடித்தது குருவிப் பைத்தியம். முதல் ரோலைக் கழுவிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் பஞ்சுப் பொதிதான் பறந்தது. “இது மேகங்களா?” என்று ஸ்டுடியோக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்.

மைன்ஸ் ஆட்கள் கேமராவுக்கு ஸ்டாண்டு செய்தால் எப்படியிருக்கும்? வெல்டர் மாடசாமி பண்ருட்டிப் பழைய இரும்புக் கடையில் குழாய் வாங்கினார். கன்வேயருக்குக் கால் வைப்பது மாதிரி மூன்று கால் வைத்தார். ஆடவே கூடாது என்று அடியில் சிமென்டும் போட்டுவிட்டார். அது ஆடவில்லை; எந்தப் பக்கமும் திரும்பவும் இல்லை. அது பார்த்த ஒரே கிளைக்கு எந்தக் குருவியும் வரவில்லை. தவிட்டுக்குருவிகள் மட்டும் கூட்டமாக வந்து ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்து கத்தித் தீர்த்தன. பட்டம்மாள் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டாள்.

குருவிகளுக்கு அவள் பழகிய ஆள். பானை கழுவிய பருக்கையைக் கல்லோரம் கொட்டுகிறவள் அவள்தானே. ஒருநாள் கொஞ்சம் தள்ளி ஒரு மைனா மேய்ந்துகொண்டிருந்தது. சின்னதுரை பூனை மாதிரி பின்னால் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் அவள் தோளில் கேமராவை வைத்தார். அவள் மூச்சை அடக்கினாள். அந்தப் படத்தில் மைனாவின் கண்ணோரத்து மஞ்சள்கூடப் பளிச்சென்று விழுந்தது. அன்றோடு அவள் தோளுக்கும் வேலை பெர்மனென்ட் ஆயிற்று.

அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பகல் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று வாரத்துக்கு வாரம் மாறும் குடித்தனத்தில், அவர் மூச்சு அவள் காதோரம் படுகிற நேரம் அதுதான். ஆனால் அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. அந்தப் பொத்தானைத் தானே ஒரு தடவை அமுக்க வேண்டும்.

“ஒரே ஒரு வாட்டி நானு அமுக்கறங்க.”

“ரோலு வீணாப் பூடும் பட்டு. ஒனுக்குக் கை ஆடும்.”

யார் கையைப் பற்றி யார் பேசுவது! அவள் முணுமுணுத்துக்கொண்டே தோளைக் கொடுத்தாள். கேட்டுக் கேட்டு, அவர் மறுத்து மறுத்து, வருஷங்கள் ஓடிவிட்டன.

எண்பத்தாறில் சின்னதுரை ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற நாள். வாசலில் லாரி நின்றது. கேமராவில் ஒரே ஒரு படம் மிச்சம். கட்டிலைத் தூக்கப் போன சின்னதுரை, “பத்தரமா வச்சிகினு இரு” என்று அதை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் பின்பக்கம் துவைக்கிற கல்லோரம் போய் நின்றாள். அப்போது பார்த்து மாங்குயில் வந்தது. இத்தனை வருஷமாக அவர் கண்ணில் பட்டுப் பட்டுப் படத்தில் விழாத பறவை, கொய்யாவின் தாழ்ந்த கிளையில் மஞ்சள் மஞ்சளாக உட்கார்ந்தது. பின்வாசலுக்கு வந்த சின்னதுரை அதைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். ஓர் அடி வைத்தாலும் பறந்துவிடும். “அமுக்கு, அமுக்கு” என்று உதடு மட்டும் அசைந்தது.

பட்டம்மாள் கேமராவைக் கண்ணருகே வைத்தாள். அவள் கை ஆடவே இல்லை. குயில் தெரிந்தது. பிறகு மெல்லப் பின்வாசல் பக்கம் திரும்பினாள். தலையில் துண்டும் மேலெல்லாம் ஒட்டடையுமாக அவர் நின்றார். பின்னால் காலி வீடு. இந்த வாசலில் இந்த மனுஷன் இனி நிற்கப்போவதில்லை. அமுக்கிவிட்டாள். குயில் பறந்துபோனது.

“அடிப் பாவி! குயிலு அங்க குந்திகினு இருந்துது, நீ இன்னாத்த எடுத்த?”

“குயிலு நம்ம ஊருக்கும் வரும். இந்த வூடு வருமா?”

சொந்த ஊர் வந்து சேரும்வரை அவர் லாரியில் உட்கார்ந்து வழியோர மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சில வாரம் கழித்துப் படம் வந்தது. சின்னதுரை அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பரணிலிருந்து பழைய படங்களையெல்லாம் இறக்கித் தரையில் பரப்பி, எதையோ தேடினார். மைனா, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, செம்போத்து.

“இம்மாம் படத்துல நீ எங்கயுமே இல்லியே, பட்டு” என்றார்.

“இப்பத்தான் தெரியுதாக்கும்” என்றாள் அவள். சிரிக்கத்தான் நினைத்தாள், கண் நிறைந்துவிட்டது.

மறுநாளே பண்ருட்டிக்குப் பஸ் ஏறி ரோல் வாங்கி வந்தார். அவளைப் பட்டுப்புடவை கட்டச் சொல்லி, முருங்கை மரத்தடியில் நிற்கவைத்து, எதிரே போய் நின்று கேமராவைத் தூக்கினார். குழாய் இப்படியும் அப்படியும் ஆடியது. முட்டுக்கொடுக்கத் தோளில்லை, அது எதிரே புடவை கட்டி நின்றது.

“இரு, நெல்லு மூட்டய இழுத்துகினு வர்றன்.”

“ஒண்ணும் வேணாம். கையிலயே எடுங்க” என்றாள் பட்டம்மாள்.

படத்தில் புடவையின் சிவப்பு தெரிந்தது. முகம் மூன்று முகமாகக் கலைந்திருந்தது. சின்னதுரை வெட்கப்பட்டுக் கிழிக்கப் போனார். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“கிழிச்சீங்கன்னா இன்னிக்கு சோறு கெடையாது.”

அவரே சட்டம் போட்டுக் கொண்டுவந்து மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்கள் இது யார் என்று கேட்டால், “நாந்தான். எங்க வூட்டுக்காரரு எடுத்தது” என்று அவள் பெருமையாகச் சொல்வாள்.