கிராம்பு வைத்த வெற்றிலை

குதுபாலங் அகதி முகாமில் ஆம்பியா காத்தூனுக்கு வெற்றிலைக்காரி என்றுதான் பெயர். பர்மாவில் ராணுவச் சாவடிக்கு எதிரே கடை வைத்திருந்தவள். அந்தச் சாவடிக்காரர்களே ஊரைக் கொளுத்தி, அவள் கணவனையும் சுட்டுக் கொன்ற பிறகு எல்லை ஆற்றைக் கடந்து வந்தாள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்றதும் சாட்சி சொல்லக் கிளம்பிவிட்டாள்.

"வெத்தலைக்காரி பேச்ச உலகக் கோர்ட்டு கேக்கப் போகுதாக்கும்," என்றார் பக்கத்துக் குடிசை ஹமீதுல்லா.

விசாரணை அறையில் பன்னிரண்டு படங்களைப் பரப்பினார்கள். சுடச் சொன்ன அதிகாரியின் படத்தில் ஆம்பியா விரலை ஊன்றினாள்.

"முகத்துல துணி கட்டியிருந்தான்னீங்களே அக்கா, எப்படித் தெரியும்?" என்றாள் மொழிபெயர்த்த பெண்.

"எச்சில் துப்பத் துணிய இறக்கினாம்மா. வெத்தலைய இடது கன்னத்துல அடக்குற ஆளு. சுண்ணாம்பு கம்மி, கிராம்பு ரெண்டு. மூணு வருஷம் மடிச்சுக் கொடுத்தவ நான்."

எழுதியதை வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். மை காயாத விரலோடு ஹமீதுல்லாவின் முன் வந்து நின்றாள்.

"மூணு வருஷத்துல அவன் என் மூஞ்சிய ஒருநாள்கூட நிமிர்ந்து பாத்ததில்ல, பாய். இனி கூண்டுல நின்னு இந்த வெத்தலைக்காரி பேச்சத்தான் கேக்கணும்."