கடல் பூவுக்கு ஒரு பம்ப்

பம்ப் விஷயத்தில் எனக்கு யாராவது புத்தி சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எனக்குப் பம்ப் பராமரிப்புதான். "இவருக்கு என்னைவிடப் பம்ப்பைத்தான் நல்லாத் தெரியும்" என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அதை ரொம்ப நாள் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். புதுப்பட்டினத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்துப் போர்ஷனில் ஓர் அக்கா. செங்கல்பட்டுக்காரர். அவர் கணவருக்கும் என் ஆபீஸ்தான். கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்த என் மனைவிக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி அவர். இந்தப் பக்கத்துப் பேச்சு புரியாமல் மீன் விலை கேட்கக்கூடக் கூச்சப்பட்டவளைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பேரம் பேசக் கற்றுக்கொடுத்ததே அந்த அக்காதான்.

திடீரென்று அவர்களுக்கு ராஜஸ்தானுக்கு மாற்றல் வந்துவிட்டது. கட்டில், பீரோவெல்லாம் லாரியில் ஏறின. மீன் தொட்டி மட்டும் ஏற முடியாது. சாதாரணத் தொட்டி இல்லை அது. இரண்டரை அடி நீளம், உள்ளே கடல் தண்ணீர், பாறைத் துண்டுகள், ஒரு ஜோடி கோமாளி மீன். நடுப் பாறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கடல் சாமந்தி. பார்த்தால் செடி மாதிரி இருக்கும், ஆனால் அது பிராணி. விரல் விரலாக விரிந்து ஆடும், மீன்கள் அந்த விரல்களுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். அக்கா அதைப் பூ என்றுதான் சொல்வார். ஐந்து வருஷம் வளர்த்த பூ.

"மத்ததெல்லாம் போனா போவுதுடி. பூவ மட்டும் சாவ வுட்டுடாத" என்று தொட்டியை எங்கள் போர்ஷனில் வைத்துவிட்டுச் சொன்னார் அக்கா. என் மனைவி அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்காவின் போன் வரும். எடுத்ததும் முதல் கேள்வி, "பூ எப்டி கீது?"

இரண்டாவது மாதம் தொட்டியின் பம்ப் நின்றுபோனது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு முனகும் சின்ன பிளாஸ்டிக் பம்ப். பாறையில் ஒட்டி வாழும் ஜீவனுக்குச் சாப்பாடும் மூச்சும் ஓடுகிற தண்ணீரில்தான் வரவேண்டும். தண்ணீர் நின்றால் கதை முடிந்தது. நான் பஸ் பிடித்துச் சென்னை கொளத்தூரில் வளர்ப்பு மீன் கடைக்குப் போய்த் திரும்பும்வரை, என் மனைவி தொட்டி அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

போகிற வழியிலேயே பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுவிட்டேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. இவ்வளவு தண்ணீர் தேவை என்று வந்தால், அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக்கொள்வோம். எதற்கும் இருக்கட்டும் என்று மேலும் கொஞ்சம். அப்புறம், ஓடுகிற பம்ப்புக்குத் துணையாகச் சும்மா நிற்க அதே மாதிரி இன்னொன்று.

கடைக்காரர் நான் கை காட்டிய பம்ப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எத்தினி அடி டேங்கு சார்?"

"ரெண்டரை."

"அதுக்கு இன்னாத்துக்கு சார் இம்மாம் பெருசு? மொட்ட மாடிக்குத் தண்ணி ஏத்தப் போறியா?"

"பம்ப்பைப் பத்தி எனக்குச் சொல்லாதய்யா" என்று எகிறினேன். "உன் இஷ்டம் அண்ணாத்த" என்று இரண்டு பெட்டிகளையும் கட்டிக் கொடுத்துவிட்டார்.

மாட்டி சுவிட்சைப் போட்டேன். அப்பப்பா, என்ன வேகம்! தொட்டியின் மணலெல்லாம் பறந்து ஒரு மூலையில் குவிந்தது. மீன் இரண்டும் எதிர் மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டன. "பார்த்தியா ஃபோர்ஸ!" என்றேன்.

"மீனால நிக்கவே முடியலைங்க."

"ரெண்டு நாள்ல பழகிடும்."

பூ விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு முடிச்சு மாதிரி சுருங்கிவிட்டது. அந்த ஞாயிறு அக்கா கேட்டபோது, "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "ஐயோ, பூ!" என்று என் மனைவியின் சத்தம். ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த அடி தாங்காமல் பூ பாறையை விட்டுவிட்டு மிதந்து போயிருக்கிறது. பம்ப் அதை உறிஞ்சி இழுத்துவிட்டது. பூவில் பாதி பம்ப்பின் சந்துகளில் சிக்கிக் கிழிந்திருந்தது. மீதியைக் கையால் மெல்ல எடுத்துப் பாறை இடுக்கில் வைத்தேன். அவள் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். போய்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீரை மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள்.

லீவு சொல்லிவிட்டு மறுபடி கொளத்தூர் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை.

"தண்ணி அதும் மேல அடிக்கக் கூடாது சார். இப்டிப் போய்க்கினு, அப்டி வந்துகினு இருக்கணும். எந்த ஊரு நீ?"

"புதுப்பட்டினம்."

"கடலாண்டயே கீற. பாத்ததே இல்லியா?"

என் பம்ப்புகளெல்லாம் தண்ணீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளுகிறவை. எவ்வளவு உயரம், எவ்வளவு அழுத்தம் என்பதுதான் பேச்சு. இந்தத் தொட்டியில் தண்ணீர் எங்குமே போகவேண்டியதில்லை. இருக்கிற இடத்திலேயே அசைந்தால் போதும். இவ்வளவுதான் விஷயம், என் மரமண்டைக்கு ஏறவில்லை.

அகல வாயுள்ள இரண்டு குட்டிப் பம்ப்புகள் கொடுத்தார். எதிரெதிரே வைத்து, மாற்றி மாற்றி ஓட ஒரு டைமர். உறிஞ்சும் பக்கத்தில் பஞ்சு உறை. மாட்டினேன். தண்ணீர் சோம்பலாக இந்தப் பக்கம் சாய்ந்தது, பிறகு அந்தப் பக்கம் சாய்ந்தது. மீன்கள் மூலையை விட்டு வெளியே வந்தன. தினமும் விடிந்ததும் கேனோடு கடற்கரைக்குப் போய், படகுக்காரர்கள் ஆழத்திலிருந்து கொண்டுவரும் தண்ணீரை வாங்கி வந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். அந்த ஞாயிறு போன் அடித்தபோது எடுக்கவேண்டாம் என்று என் மனைவி தலையை ஆட்டினாள். அடித்து அடித்து ஓய்ந்தது.

அடுத்து வந்த சனிக்கிழமை பூ பாறையைப் பிடித்துக்கொண்டது. எண்ணி ஏழெட்டு விரல்கள் வெளியே வந்தன. எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. பெரிய மீன் அருகில் வந்து, மோந்து பார்த்துவிட்டு, முகத்தை மட்டும் உள்ளே நுழைத்துக்கொண்டது. "பூ பிழைச்சுடுச்சு பாருங்க" என்று என் மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. போன் அடித்ததும் அவளே போய் எடுத்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். பூவுல பாதி போயிடுச்சு. உசிரோட இருக்கு, ஆனா பாதிதான் இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான்தான்க்கா பண்ணினேன். பழைய பம்ப் போயிடுச்சு. இவர் வேணாம் வேணாம்னு சொன்னார், நான்தான் கேக்காம பெருசா வாங்கி வச்சுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரிசீவரிலிருந்து அக்காவின் குரல் எனக்கே கேட்டது. "உன்ன நம்பிக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்!" அவள் "ஆமாக்கா, தப்புதான்க்கா" என்று திட்டு வாங்கிக்கொண்டே நின்றாள். நான் ரிசீவரைப் பிடுங்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, ரிசீவரை விடவில்லை.

ஒருவழியாகப் போனை வைத்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றேன்.

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க உங்களைத் திட்டினா எனக்குத் தாங்காது. அதுக்குத்தான் நான் இருக்கேனே" என்றாள்.